தேக்சாவுக்கு நாலு சக்கரம்

“ஏலே தவசி, பிடிடா! கோழிக்கூட்டுக்குப் போகுதுடா!”

அபுபக்கர் கத்தி முடிப்பதற்குள் வண்டி கோழிக்கூட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வண்டியின்மேல் கழுத்தளவு தண்ணீரோடு உட்கார்ந்திருந்த பிரியாணி ஆக்குகிற பெரிய தேக்சா ஒரு குலுங்கு குலுங்கி, பாதித் தண்ணீரைக் கோழிகளின் தலையில் கொட்டியது. நனைந்த கோழிகள் கொக்கரித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடின. வண்டியைத் தள்ளிய தவசி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தனக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதுபோல வானத்தைப் பார்த்தார்.

“இதுதான் ஒங்க வண்டியா மாப்பிள்ளை?” என்றார் அபுபக்கர். சிரிப்பை அடக்கிக்கொள்வதுபோல முகத்தை வைத்திருந்தார். உண்மையில் அடக்க முயன்றதாகத் தெரியவில்லை.

நவாஸ் முழங்கால் போட்டு உட்கார்ந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். “நாலையும் சுத்துற வீலாப் போட்டது தப்பாப் போச்சு மாமா. எந்தப் பக்கம் வேணும்னாலும் திரும்பட்டுமேன்னு நெனச்சேன்.”

“திரும்புச்சே! எல்லாப் பக்கமும் திரும்புச்சு. நம்ம சொன்ன பக்கத்தத் தவிர.”

உத்தமபாளையத்தில் அபுபக்கர் மாஸ்டர் என்றால் பிரியாணி. பிரியாணி என்றால் அபுபக்கர் மாஸ்டர். கம்பத்திலிருந்து தேனிவரை அவர் கரண்டி பிடிக்காத பெரிய கல்யாணம் கிடையாது. அப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள் பாஜிலா. அவளைக் கட்டிய நவாஸ் கரண்டியைப் பிடிக்கவில்லை. பழனிசெட்டிபட்டியில் கடை போட்டு காஸ்டர் வீல் விற்றுக்கொண்டிருந்தான். நூல் மில்லின் தள்ளுவண்டிகளுக்கும், வாழைத்தார் பேக்கிங் செட்டுகளுக்கும், ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர்களுக்கும் அடியில் உருள்கிற சின்னச் சின்னச் சக்கரங்கள்தான் அவன் சரக்கு. எந்தத் தரைக்கு எந்தச் சக்கரம் என்று கேட்டால் சோறு தண்ணீர் மறந்து பேசுவான். அந்தக் கடை என்றால் அவனுக்கு உயிர்.

மாமனாருக்கு அது புரியவே இல்லை. “ஊருக்கே ஆக்கிப்போடுற குடும்பத்துக்கு வந்துட்டு, உருள்றத வித்துக்கிட்டு இருக்கீகளே மாப்பிள்ளை” என்று நோன்பு, பெருநாள் பாராமல் சொல்லிக்காட்டுவார்.

சிக்கல் ஒரு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டில் ஆரம்பித்தது. தேக்சாவை மூங்கில் கழியில் கோத்துத் தோளில் சுமந்து பந்திக்குக் கொண்டுவரும் ஆட்களில் பாதிப்பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் தவசிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கம்பத்தில் பெரிய கல்யாணம் ஒன்றை ஒப்புக்கொண்டிருந்த அபுபக்கர், கறிச்சோற்றைப் பிசைந்துகொண்டே கவலைப்பட்டார்.

“இவுகதான் வீல் விக்கிறாகள்ல அத்தா, தேக்சாவுக்கு அடியில நாலு வீலை வச்சுப் பாத்தா என்ன?” என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த பாஜிலா.

அபுபக்கருக்குப் புரை ஏறுகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் அவர் மூளை வேலை செய்தது.

“சரி மாப்பிள்ளை. கம்பத்துக் கல்யாணத்துல ஆம்பளைக பந்திக்கு ஒங்க வண்டியிலேயே தேக்சா போகட்டும். சூடு ஆறாம, அலுங்காம, நேராப் போய் நிக்கணும். நின்னுருச்சுன்னா ஒங்க கடையப் பத்தி இனிமே வாயத் தொறக்கமாட்டேன். நிக்கலேன்னா கடைச் சாவியக் கழட்டிக் குடுத்துட்டு எங்கூட அடுப்படிக்கு வந்துரணும். சம்மதமா?”

நவாஸ் வாய் நிறைய எலும்பு. தலையை மட்டும் ஆட்டினான். எலும்பைத் துப்பியபிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று உறைத்தது.

“நீ எதுக்கு வீலு பேச்ச எடுத்த?” என்று பாஜிலாவிடம் தனியாகச் சண்டை போட்டான்.

“எல்லாம் நல்லதுக்குத்தாங்க. எங்க பந்திக்கு வர்றப்ப அது பிரியாணியாவா இருக்கு? ஆம்பளைக பந்தி முடிஞ்சு, கறியெல்லாம் போயி, ஆறிப்போன குஸ்காதான் வருது. வண்டியில வந்தாலாச்சும் கொஞ்சம் வெரசா வரும்ல? நீங்க பாட்டுக்குப் போடுங்க.”

அவன் கவலை அவனுக்கு. அவளுக்குக் குஸ்கா கவலை. பெண்களுக்கு எப்போதும் தின்கிற நினைப்புத்தான் என்று அவன் மனசுக்குள் நினைத்துக்கொண்டான். நல்லவேளை, வாயால் சொல்லவில்லை.

கோழிக்கூட்டு விபத்துக்குப் பிறகு அவன் வண்டியை முறையாகச் செய்ய உட்கார்ந்தான். பின்னால் ரெண்டும் திரும்பாத வீல், முன்னால் ரெண்டும் திரும்புகிற வீல், முன் வீல் ரெண்டுக்கும் காலால் மிதிக்கிற பிரேக். அபுபக்கர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

“மொத்த எடைய மூணால வகுக்கணும் மாமா. அப்பத்தான் ஒவ்வொரு வீலும் எம்புட்டுத் தாங்கணும்னு தெரியும்.”

“வீலு நாலுல்ல இருக்கு?”

“தரை மேடுபள்ளமா இருந்தா ஒரு வீலு அந்தரத்துல நின்னுக்கிரும். மிச்ச மூணும்தான் சுமக்கும்.”

அபுபக்கர் தாடியைத் தடவினார். “வாஸ்தவம்தான். எந்தக் குடும்பத்துலயும் ஒருத்தரு சுமக்காமத்தான் நிப்பாக” என்றபடி மருமகனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

இந்தமுறை நவாஸ் நைலான் வீல் போட்டிருந்தான். எடை தாங்கும், தேயாது, சூட்டுக்கும் அசையாது. ஆனால் தவசி தள்ள ஆரம்பித்ததும் சிமெண்ட் தரையில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். வண்டி கொஞ்சதூரம் நேராகப் போய்விட்டு, என்னவோ ஞாபகம் வந்ததுபோல இடப்பக்கம் திரும்பித் துணி துவைக்கிற கல்லில் முட்டி நின்றது.

“ஏண்டா திருப்புன?”

“நான் எங்கங்க திருப்புனேன்? அதுவால்ல திரும்புது!” என்றார் தவசி பரிதாபமாக.

நவாஸ் ஸ்பானரைத் தேடினான். அதற்குள் மாமியார் ஷரீபா டீயோடு வந்துவிட்டார். அதிகம் பேசாத மனுஷி. “மொதல்ல டீயக் குடிங்க மாப்பிள்ளை, வண்டி எங்கன ஓடிறப்போகுது” என்றார். குடித்துவிட்டு வந்து வீலைக் கையால் சுற்றினால், அது பம்பரமாகச் சுற்றியது. எந்தக் குறையும் தெரியவில்லை.

பேரிங் இறுக்கமாக இருக்கும் என்று முடிவு செய்தான். மறுநாள் கடையில் மில் ஆள் ஒருவர் நின்றுகொண்டிருந்த அவசரத்தில் மாமனாருக்குப் போன் போட்டான்.

“மாமா, அந்தக் காஸ்டருக்கு லேசா ஆயில் விட்டு வச்சிருங்க. ரெண்டு சொட்டுப் போதும்.”

“காஸ்டர் ஆயிலா? அதுக்கென்ன, விட்டாப் போச்சு.”

அபுபக்கர் மருந்துக்கடைக்கு ஆளனுப்பி விளக்கெண்ணெய் வாங்கிவரச் செய்தார். காஸ்டர் வீலுக்குக் காஸ்டர் ஆயில் விடாமல் வேறு என்ன எண்ணெய் விடுவது? ஆயிரம் பேர் சாப்பாட்டுக்கு எண்ணெய் ஊற்றிப் பழகிய கை அது. ரெண்டு சொட்டு என்கிற அளவு அந்தக் கைக்குத் தெரியாது. பாட்டில் காலியானது.

சாயங்காலம் நவாஸ் வந்து பார்த்தபோது நாலு சக்கரத்திலும் கோழி இறகு, தவிடு, வைக்கோல், பாஜிலாவின் தலைமுடி என்று வீட்டில் இருந்த எல்லாமும் ஒட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் சுற்ற மறுத்தது. தள்ளிப் பார்த்த தவசி சிந்திக்கிடந்த விளக்கெண்ணெயில் சறுக்கிவிழுந்து, சரியாகிவந்த இடுப்பை மறுபடி பிடித்துக்கொண்டார்.

“மில்லுல நூலு சுத்திக்கிட்டா அப்பப்ப வெட்டி எடுக்கணும்னு நாந்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்குறேன்” என்று புலம்பியபடியே நவாஸ் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றி, கத்தியால் முடியை அறுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் வைத்தான். போல்ட்டையெல்லாம் முறுக்கினான். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, அவனுக்கு ஏற்ற கரண்டி எந்த அளவில் வாங்கலாம் என்று தவசியிடம் சத்தமாக யோசனை கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைசி ஆயுதத்தை எடுத்தான். கடையிலேயே உசத்தியான பி.யூ. வீல். ரப்பர்போல மெத்தென்று ஓடும், நைலான்போல எடை தாங்கும். தேக்சாவின் சூடும் நெய்யும் வீலில் படாமலிருக்க வண்டியைச் சுற்றித் தகரத்தில் பாவாடை கட்டினான். பிரேக் மிதிகள் மட்டும் தகரத்துக்குக் கீழே கொஞ்சமாக நீட்டிக்கொண்டிருந்தன.

வண்டி பூனைபோல நகர்ந்தது. சத்தமே இல்லை. அதுதான் ஆபத்தாகிவிட்டது. இடப்பக்கம் அம்மியருகே நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்த அபுபக்கருக்கு, பின்னாலிருந்து வண்டி அவர் பக்கம் திரும்பி வந்து முட்டும்வரை எதுவும் தெரியவில்லை. அரைத்து வைத்திருந்த இஞ்சி பூண்டு விழுதில் தொப்பென்று உட்கார்ந்தார்.

எழுந்து, பின்பக்கத்தைத் துடைத்துக்கொண்டு, மிக மரியாதையாகச் சொன்னார். “மாப்பிள்ளை, நாளைக்கு வர்றப்ப கடைச் சாவிய மறக்காம எடுத்துட்டு வந்துருங்க.”

நவாஸுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைக்குப் போய் ஷட்டரைத் திறந்துவைத்து, அலமாரித் தட்டுகளில் அடுக்கியிருந்த வீல்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டுப் பார்த்தான். எல்லாம் ஒழுங்காகத்தான் சுற்றின. ஊரில் உள்ள வண்டியையெல்லாம் ஓடவைத்தவனுக்குத் தன் வண்டி மட்டும் ஏன் அடங்கவில்லை?

“கவலப்படாதீக. கடை எங்கயும் போகாது. நான் இருக்கேன்ல” என்றாள் கூட வந்திருந்த பாஜிலா.

“நீ இருந்து என்ன செய்ய? வீலப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

அவள் ஷட்டரை இறக்க மட்டும் ஒரு கை கொடுத்தாள்.

கம்பத்து மண்டபம் புதுசு. தரையெல்லாம் வழுவழுவென்று கிரானைட். பின்பக்கம் சமையல்கட்டு, அங்கிருந்து ஒரு நீளமான நடை. நடையின் கோடியில் ஆண்கள் சாப்பிடும் கூடம். பாதி வழியில் இடப்பக்கம் ஒரு வாசல், திரைபோட்டிருந்தது. அது பெண்கள் கூடம்.

நிக்காஹ் முடிந்தது. தம் உடைக்கிற நேரம். அபுபக்கர் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு ஆண்கள் கூடத்து வாசலில் நின்று, “இந்தா வரும், தானா வரும், பாருங்க” என்று பெரிய மனிதர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி தோற்கப் போவதைப் பார்க்க அவரே ஆள் சேர்க்கிறார் என்று நவாஸுக்குத் தெரிந்தது. அவன் ஜோபியில் கடைச் சாவி கனத்தது.

“பிஸ்மில்லா சொல்லித் தள்ளுங்கண்ணே” என்றான்.

தவசி தள்ளினார். வண்டி நேராகப் போனது. தம் ஆவியும் நெய் வாசனையும் நடை முழுக்கப் பரவ, ஆடாமல் அசையாமல், ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கொண்டுபோகிற பதவிசோடு போனது. நவாஸுக்கு மூச்சு வந்தது.

பாதி வழியில் திரை விலகி ஒரு பெண்கள் கூட்டம் வெளியே வந்தது. “பொண்ணு வருது, பொண்ணு வருது, கொஞ்சம் ஒதுங்குங்க!” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வண்டி நின்றது. நவாஸும் தவசியும் மரியாதைக்குச் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பின்னால் வளையல் சத்தம், பட்டுச் சரசரப்பு, ஒரு சின்னச் சிரிப்பு. கல்யாணப் பெண் ஃபர்ஹீனை அழைத்துக்கொண்டு கூட்டம் திரும்பவும் உள்ளேயே போய்விட்டது.

“தள்ளுங்கண்ணே, ஆறிரப்போகுது.”

தவசி தள்ளினார். வண்டி இடப்பக்கம் திரும்பியது.

“நேரா, நேரா!”

“நான் நேராத்தானப்பா தள்ளுறேன்!”

நவாஸ் முன்னால் ஓடிப் பிடித்து இழுத்தான். தேக்சாவின் கனத்துக்கு அவன் ஒரு பொருட்டே இல்லை. வாசலில் கொஞ்சம் சரிவு வேறு. வண்டி திரையைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் கூடத்துக்குள் நுழைந்து, நட்டநடுவில் போய் நின்றது.

உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தட்டுகள் கழுவிக் கவிழ்க்கப்பட்டுத் தயாராக இருந்தன. டம்ளர்களில் தண்ணீர்கூட ஊற்றியிருந்தது.

“மன்னிச்சுக்கங்க, வண்டி தப்பா…” என்று நவாஸ் தரையைப் பார்த்துச் சொல்வதற்குள் பெண்ணின் அம்மா தேக்சா மூடியைத் திறந்து கரண்டியை உள்ளே விட்டுவிட்டார். அவனும் தவசியும் தலையைக் குனிந்தபடி வெளியே வந்துவிட்டார்கள்.

தள்ளாடி ஓடிவந்த அபுபக்கரும் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட வேண்டியதாயிற்று. பெண்கள் பந்திக்குள் அவர் எப்படிப் போவார்? வெளியிலிருந்தே கத்தினார்.

“மாப்பிள்ளை! சாவிய எடுங்க!”

நவாஸ் ஜோபியில் கைவிட்டான். உள்ளே அத்தனை பெண்கள் இருக்கிற இடத்தில் பேச்சே இல்லை. தட்டில் விரல் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல்.

“அபுபக்கர் அண்ணே, இருக்கீகளா?”

பெண்ணின் அம்மாதான். அபுபக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இருக்கேம்மா. தப்பு நடந்துபோச்சு, இந்தா இப்பவே…”

“என்னண்ணே தப்பு? எங்கல்யாணத்துக்கும் நீங்கதான் ஆக்குனீக. ஒங்க பிரியாணி இப்படி இருக்கும்னு எனக்கு இன்னைக்குத்தாண்ணே தெரியுது. இத்தன வருசமா எங்களுக்கு வந்தது என்னண்ணே?”

“கறி வாயில வச்சதும் கரையுது மாஸ்டர்!” என்று இன்னொரு குரல்.

“எம் மக கல்யாணத்துக்கும் நீங்கதான் வரணும். இந்த வண்டியோட வந்தாத்தான் ஒத்துக்குவேன்!”

“எங்களுக்கும்!”

அபுபக்கர் திரைப் பக்கம் காதைக் கொடுத்தார். ஆண்கள் பந்தியில் ஏப்பம்தான் அவருக்குக் கிடைத்த பாராட்டு. கையைக் கழுவியதும் வெற்றிலையைத் தேடிப் போய்விடுவார்கள். சாப்பாட்டை ருசித்து, இது இப்படி, அது அப்படி என்று யாரும் அவரிடம் சொன்னதே இல்லை. திரைக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டே இருந்த வார்த்தைகளைக் கேட்கக் கேட்க அவர் கண் கலங்கிவிட்டது. ஜிப்பா நுனியால் துடைத்துக்கொண்டார்.

“ஏலே தவசி, என்னடா நிக்கிற? ரெண்டாவது தேக்சாவ ஏத்துடா! ஆம்பளைக காத்திருக்காகள்ல!”

பெண்கள் கைகோத்து முதல் தேக்சாவை இறக்கிவைத்து, வண்டியைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள். அடுப்பில் தயாராயிருந்த ரெண்டாவது தேக்சா வண்டியில் ஏறியது. அதே வண்டி, அதே வீல், அதே தவசி. நூல் பிடித்ததுபோல நடையின் கோடிவரை நேராகப் போய், ஆண்கள் கூடத்தில் அலுங்காமல் நின்றது. கொஞ்சம் பிந்திவிட்டதே என்று யாரும் கேட்கவில்லை. ஆவி பறக்கும் தேக்சா தரையில் மிதந்து வருவதைப் பார்த்து வாயடைத்துப்போயிருந்தார்கள். நூல் மில் முதலாளி ஒருவர் எழுந்துவந்து, குனிந்து தகரப் பாவாடையைத் தூக்கிப் பார்த்து, “இந்த வீல் எந்தக் கடையில கெடைக்கும்?” என்றார்.

“எம் மாப்பிள்ளை கடையில!” என்றார் அபுபக்கர், கூடம் முழுக்கக் கேட்கும்படி. “பழனிசெட்டிபட்டி. யார்ட்டக் கேட்டாலும் சொல்லுவாக. எடைய மூணால வகுத்துத்தான் வீலே குடுப்பாக!”

பிறகு நவாஸின் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். “மாப்பிள்ளை, இன்னொரு வண்டி செஞ்சுருங்க. இனிமே பொம்பளைக பந்திக்கும் ஆம்பளைக பந்திக்கும் ஒரே நேரத்துல போகணும். ரெண்டுமே சூடாப் போகணும். சாவிய உள்ள வையுங்க, விழுந்துறப் போகுது.”

நவாஸ் சாவியை உள்ளே வைத்தான். சந்தோஷத்தில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெண்கள் கூடத்துக்குப் போனது தன் திட்டம்தான் என்று ரெண்டு மூன்று பேரிடம் சொல்லிக்கூடப் பார்த்தான். நம்பினார்கள்.

பந்தியெல்லாம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்த நேரம். வெற்றி வெற்றிதான், ஆனாலும் வீல் தெரிந்தவனுக்கு மனசு ஆறவில்லை. வண்டியைச் சாய்த்துப்போட்டு ஒவ்வொரு வீலாகச் சுற்றிப் பார்த்தான். பேரிங் சரி. கிரீஸ் சரி. போல்ட் சரி. ஷரீபா மாமி கழுவிய கரண்டிகளோடு அந்தப் பக்கம் வந்தார்.

“எல்லாம் நல்லபடியா முடிஞ்சுருச்சு மாமி. ஆனா நைலான் போட்டாலும் பி.யூ. போட்டாலும் திடீர் திடீர்னு எதுக்கு இடப்பக்கம் இழுக்குதுன்னு மட்டும் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது. நேத்து இழுத்துச்சு, இன்னைக்கு மொத நடைக்கு இழுத்துச்சு, ரெண்டாவது நடைக்கு இழுக்கல. வீலுல என்னதான் கொறைன்னு தெரியல.”

மாமி சுற்றுமுற்றும் பார்த்தார். கரண்டிகளைக் கீழே வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“வீலுல ஒரு கொறையும் இல்ல மாப்பிள்ளை. இடப்பக்கத்துப் பிரேக்க அரைமிதி மிதிச்சா எந்தளவு திரும்புதுன்னு நானும் பாஜிலாவும் மாத்தி மாத்தி மிதிச்சுப் பழகி வச்சிருந்தோம்; இன்னைக்கு மட்டும் நாந்தான் மிதிப்பேன்னு கல்யாணப் பொண்ணு ஒத்தக் கால்ல நின்னுருச்சு.”